அம்மாவுக்கு ஓட்ஸ் அனுப்பாதேங்கோ

வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊரில் இருக்கிற அம்மா அப்பாவுக்கு அரிசி, பருப்பு தொடக்கம் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் வரைக்கும் இணையத்தில் ஓடர் பண்ணி, வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குகிற பழக்கம் எங்கட ஊர்களில் பரவிக்கொண்டு வருகிறது. இதைப் பற்றி ஒருவரும் குறையாகக் கதைப்பதில்லை. கதைத்தால், "பிள்ளையள் பாசத்தில செய்யுதுகள், உங்களுக்கென்ன எரிச்சல்?" எண்டு கேட்பினம். எங்களுக்கு எரிச்சல்தான். ஏன் எண்டு சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. நாங்கள் இணையத்துக்கு எதிரான ஆக்கள் இல்லை. போன் கவரும் இயர்போனும் தராஸில்தான் எடுக்கிறோம். இலங்கையில் இணையக் கடை என்பதே ஒருவிதத்தில் வெளிநாட்டுக்காரரை நம்பித் தொடங்கிய வியாபாரம்தான். 2000களின் தொடக்கத்தில் கப்ருகா போன்ற தளங்கள் வந்தபோது, லண்டனில் இருக்கிற மகன் கொழும்பில் இருக்கிற தாய்க்குப் பிறந்தநாள் கேக்கும் பூங்கொத்தும் அனுப்பினான். அதில் ஒரு பிழையும் இல்லை. கேக் என்பது வருசத்தில் ஒருநாள். வீட்டில் ஆர் என்ன சாப்பிடுவது எண்டு அது தீர்மானிப்பதில்லை. இப்போது வந்திருப்பது வேற சாமான். மாதாமாதம், ஒரு முழு வீட்டின் குசினியை ஸ்காபரோவில் இருந்து நடத்துகிற வேலை.

எங்கட ஒழுங்கையில் ஒரு அம்மா இருக்கிறா. எழுபது கடந்தவ. குரக்கன் புட்டும் சம்பலும் எண்டால் அவவுக்குப் போதும். மகள் மாதத்தில் ஒருக்கால் பட்டியல் போட்டு அனுப்புவா. ஓட்ஸ், கோர்ன்ஃப்ளேக்ஸ், தோல் நீக்கின கோழி, சீனி இல்லாத பிஸ்கட். "டொக்டர் சொன்னவர்" எண்டு மகள் சொல்லுவா. எந்த டொக்டர்? கனடாவில் மகளைப் பார்க்கிற டொக்டர். அந்த ஓட்ஸ் அலுமாரியில் வரிசையாக நிற்கிறது. வீட்டுக்குப் போற பெடியளுக்கு ஒவ்வொரு பைக்கற்றாகத் தந்து விடுவா. நாங்களும் வாங்கியிருக்கிறோம். குரக்கன் மா வாங்க அவவின் கையில் காசு இல்லை. காசு முழுக்கச் சாமானாகத்தான் வருகிறது.

எங்கட கோபம் இங்கேதான் தொடங்குகிறது. காசு வந்தால் அது அம்மாவின் காசு. சாமான் வந்தால் அது மகளின் முடிவு. கோயிலுக்குப் பொங்கலுக்குக் குடுக்க, செத்த வீட்டுக்குக் கொண்டுபோக, பேரப்பிள்ளைக்கு ஐந்நூறு ரூபா நீட்ட, பக்கத்து வீட்டுக்காரிக்கு அவசரத்துக்குக் கைமாத்துக் குடுக்க, எதற்கும் அவவிடம் ஒன்றும் இல்லை. ஊரில் ஒரு மனிசி மனிசியாக நடமாடுவது இப்படியான சின்னச் செலவுகளால்தான். இருபதாயிரம் ரூபாச் சாமான் நிறைஞ்ச வீட்டில், வெத்திலை வாங்க ஐம்பது ரூபா இல்லாமல் இருக்கிற நிலையைப் பாசம் எண்டு சொல்ல எங்களால் முடியாது.

"காசு அனுப்பினால் தம்பி குடிச்சுப் போடுவான்." இதைத்தான் எல்லாரும் சொல்லுகினம். சரி, சில வீடுகளில் அது உண்மைதான். அப்படியெண்டால் அம்மாவின் பெயரில் கணக்குத் திறவுங்கோ, அட்டையை அம்மாவின் கையில் குடுங்கோ. குடிக்கிற தம்பிக்கு ஓட்ஸ் விக்கத் தெரியாது எண்டு ஆர் சொன்னது?

இதே ஆக்கள் தங்களுக்குச் சாமான் வாங்குகிற விதத்தைக் கவனியுங்கோ. பாரிஸில் லாச்சப்பலுக்கு, லண்டனில் ஈஸ்ட்ஹாமுக்கு, ஸ்காபரோவில் தமிழ்க் கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையில் கார் எடுத்துக்கொண்டு போகினம். முருங்கைக்காயை வளைச்சுப் பார்க்கினம், கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கினம், மிளகாய்த்தூளை மணந்து பார்க்கினம், ஒடியல் மா பழசோ எண்டு கடைக்காரரோடு சண்டை பிடிக்கினம். அங்கே நிண்டு ரெண்டு கதையும் கதைச்சுப்போட்டுத்தான் வருகினம். சந்தை எண்டால் என்ன எண்டு அவைக்கு நல்லாத் தெரியும். தங்களுக்கு முறிச்சுப் பார்த்த முருங்கைக்காய், அம்மாவுக்கு மட்டும் படத்தைப் பார்த்த முருங்கைக்காய்.

அவர்களின் பக்கம் இருக்கிற நியாயம் எங்களுக்கு விளங்காமல் இல்லை. ரெண்டு வேலை, இரவுச் சிப்ட். டொரோண்டோவில் நடுச்சாமம் எண்டால் இங்கே காலமை ஒன்பதரை. கதைக்க நேரம் கிடைக்காத ஒருவருக்கு, பிரேக் நேரத்தில் போனைத் தட்டி அம்மாவுக்குப் பால்மா அனுப்புவது பெரிய ஆறுதல். இருபதாயிரம் ரூபாச் சாமான் நூறு கனேடிய டொலருக்குள் முடிந்துவிடும். இவ்வளவு மலிவாக ஒரு குற்றவுணர்வைக் கழுவ வேறெங்கும் முடியாது எண்டு சொன்னால் கோவிக்கவேண்டாம். படுக்கையில் இருக்கிற, எடுத்துக்குடுக்க ஆளில்லாத முதியவர்களுக்கு இது உண்மையான உதவி. அதைப் பற்றி எங்களுக்கு ஒரு கதையும் இல்லை. எங்கட கதை நடமாடக்கூடிய அம்மாக்களைப் பற்றியது. மருதனார்மடம் சந்தைக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் போய்வருவதுதான் கன பேருக்கு மிஞ்சியிருக்கிற ஒரே நடை. "இனி நீங்கள் மினக்கெட வேண்டாம் அம்மா" எண்டு பிள்ளை சொல்லுகிற அந்த மினக்கேட்டில்தான் அவ நாலு சனத்தின் முகத்தைப் பார்க்கிறவ.

இனிக் கடைக்கு வருவோம். எங்கட பக்கத்தில் சந்திக்குச் சந்தி ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. நூறு கிராம் சீனி, பாதித் தேங்காய், ஒரு முட்டை, அம்பது ரூபாய்க்குத் தேயிலை எண்டு அங்கேதான் வாங்கலாம். எந்தத் தளத்திலும் பாதித் தேங்காய் கூடைக்குள் விழாது. அங்கே ஒரு கொப்பி இருக்கும். 2022ஐ மறந்துபோனீங்களோ? வருசத் தொடக்கத்தில் இருநூறு ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்துக்குள் முந்நூற்றி அறுபதுக்குப் போனது. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. அந்த நேரத்தில் கனக்க வீடுகளை இழுத்துக்கொண்டு போனது அந்தக் கொப்பிதான். சுப்பர் மார்க்கற்றில் "பிறகு தாறன் அண்ணை" எண்டு சொல்லிப் பாருங்கோ. வெளிநாட்டுக் காசு வருகிற வீடுகள் ஒழுங்காகக் காசு கட்டுகிறபடியால்தான் காசில்லாத வீடுகளுக்குக் கடன் குடுக்கக் கடைக்காரரால் முடிகிறது. அந்தக் காசுக்கார வீடுகள் ஒவ்வொன்றாகக் கடையை விட்டு விலகினால், கொப்பியில் மிஞ்சுவது கடன்காரர் மட்டும். பிறகு கடை எத்தினை மாதத்துக்கு நிக்கும்? ஓடர் பண்ணுகிற அக்காவுக்கு அந்தக் கடன்கார வீட்டைத் தெரியாது. தெரிஞ்சாலும், ஒருவேளை அவவின் பள்ளித் தோழியின் வீடாக இருக்கும்.

கடைக்கார அண்ணையைப் புனிதராக்க நாங்கள் வரவில்லை. 2020இல் மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தபோது மஞ்சள்தூள் விற்ற விலையை மறக்கேலாது. 2022இல் பால்மாவை உள்ளே வைத்துக்கொண்டு இல்லை எண்டு சொன்ன கடைகளும் உண்டு. ஆனால் அவரை வாசலில் வைத்து ஏசலாம். நாங்கள் ஏசினோம், அடுத்த கிழமை பைக்கற் வெளியில் வந்தது. போனுக்குள் வருகிற "தங்கள் முறைப்பாடு பதிவு செய்யப்பட்டது" என்ற செய்தியை ஆர் ஏசுவது?

பொருளும் மாறுகிறது. மொட்டைக்கறுப்பன் அரிசி எத்தினை தளத்தில் வருது எண்டு தேடிப் பாருங்கோ. கேட்டது சிவப்பரிசி, வந்தது வெள்ளை. கேட்டது சின்ன வெங்காயம், வந்தது இந்தியப் பெரிய வெங்காயம். "இருப்பில் இல்லை, பதிலுக்கு அனுப்பியுள்ளோம்." அந்தப் பதில் சாமான் பெரும்பாலும் கொழும்பில் பொதி செய்து ஏ9 வீதியால் ஏறி வந்தது. வலிகாமத்தில் வெங்காயம் கிண்டுகிற வளவுக்குப் பக்கத்து வீட்டுக்கு, முந்நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் மேலே கடந்து இறக்குமதி வெங்காயம் வந்து சேருகிறது. அனுப்பினவர் ஒரு தோட்டக்காரரின் மகனாகவும் இருப்பார்.

இது எங்களுக்குப் புதுக்கதை இல்லை. 1970 தொடக்கம் 1977 வரை சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கியபோது யாழ்ப்பாணத்து வெங்காயமும் செத்தல் மிளகாயும் லொறி லொறியாகத் தெற்குக்குப் போயின. தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள். சனம் பாணுக்கு வரிசையில் நின்ற காலமும் அதுதான், அதையும் சொல்லத்தான் வேண்டும். 1977இல் ஜே.ஆர். அரசு திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தது, வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து குவிந்தன, தோட்டக்காரர் விழுந்தார்கள். அப்போது அதைத் தீர்மானித்தது கொழும்பு அமைச்சு. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தீர்மானிப்பது எங்கட சொந்தப் பிள்ளைகளின் விரல்.

பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றி எங்களுக்குப் பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். 1990களில் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தது, மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியது, ஜாம் போத்தலில் விளக்குக் கொளுத்தியது. 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பூட்டுப்பட்டபிறகு கப்பலில் வந்த சாமானுக்குக் குடும்ப அட்டையோடு சங்கக்கடை வாசலில் நின்றது எங்களில் சிலருக்குச் சின்ன வயது ஞாபகம். அந்த ரெண்டு காலத்திலும் சனத்துக்குச் சாமானைப் பங்கிட்டுக் குடுத்தது சங்கக்கடைகள்தான். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு எண்டது சும்மா ஒரு பழைய பெயர்ப்பலகை இல்லை. நாங்கள் நாடகமும் கூட்டமும் பார்க்கப் போகிற வீரசிங்கம் மண்டபமே ஒரு கூட்டுறவாளரின் பெயரில்தான் நிற்கிறது. மூளாயில் சனம் கூட்டுறவாக ஒரு ஆஸ்பத்திரியையே நடத்தியது. பாதை பூட்டினால் எந்தத் தளத்தின் வானும் முகமாலை தாண்டி வராது. அப்படி ஒரு நாள் திரும்ப வரவேண்டாம். வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது எண்டு இப்பவே யோசிக்கவேண்டாமா?

சங்கக்கடைகளும் தூங்குகின்றன, அது வேற கோபம். தூசி பிடிச்ச தட்டு, மத்தியானம் பூட்டின கதவு, நிர்வாகத் தெரிவுக்கு அரசியல் இழுபறி. ஒரு வட்ஸ்அப் இலக்கத்தைப் பலகையில் எழுதிப்போட என்ன கஷ்டம்? ஜேர்மனியில் இருக்கிற பிள்ளை ஒரு பல நோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குக்குக் காசு போட, அம்மா தனக்கு விருப்பமானதைப் போய் எடுக்க, ஏலாத நாளில் எங்களைப் போல ஒரு பெடியனோ பெட்டையோ சைக்கிளில் கொண்டுபோய்க் குடுக்க, இதற்குப் பெரிய செயலி ஒன்றும் தேவையில்லை. அந்த விநியோகக்காரருக்குச் சங்கம் சம்பளமும் குடுக்கலாம். இப்போது தளங்களுக்கு ஓடுகிற எங்கட நண்பர்கள் தங்கட மோட்டச்சைக்கிளில், தங்கட பெற்றோலில், ஓட்டத்துக்கு இவ்வளவு எண்டு ஓடுகிறார்கள். விழுந்தால் தங்கட காசில்தான் மருந்து.

விலையையும் ஒருக்கால் பாருங்கோ. டொலரிலும் பவுண்டிலும் விலை போடுகிற தளங்களில், அதே பைக்கற் எங்கட சந்திக்கடையில் என்ன விலை எண்டு அனுப்புகிறவர் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. அங்கத்தைய சம்பளத்தில் அது தெரியாது. மிச்சப்படுகிற காசில் அம்மா என்னென்ன செய்திருப்பா எண்டதும் தெரியாது. இந்தப் பத்தியை நீட்டத் தேவையில்லை, இன்றிரவே அம்மாவுக்குக் கோல் எடுத்துச் சீனி விலையைக் கேளுங்கோ, சொல்லுவா.

இதை வாசிக்கிற கன பேருக்கு அண்ணாவோ அக்காவோ வெளியில் இருக்கினம். சிலர் நீங்களே வெளியில் இருக்கிறீங்கள். அடுத்த மாதப் பட்டியலைப் போட முதல் ஒரு கேள்வி கேளுங்கோ: "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" அவ "ஒண்டும் வேண்டாம், நீங்கள் நல்லா இருந்தால் சரி" எண்டுதான் சொல்லுவா. அதை நம்பிக் கோலை வைக்காதேங்கோ, திரும்பக் கேளுங்கோ.

கொக்குவில் பக்கத்தில் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு கடையில் இப்படி நடக்கிறது. மாத முடிவில் கடைக்கார அண்ணை கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்து சுவிஸில் இருக்கிற மகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவார், மகள் அவரின் கணக்குக்குக் காசு போடுவா. பக்கத்தில் என்ன இருக்கவேணும் எண்டு அம்மாதான் முடிவெடுப்பா. போன மாதப் பக்கத்தில் குரக்கன் மா, செத்தல் மிளகாய், வெத்திலை, பாக்கு, நாலு சொக்லேற். "அம்மா, இந்தச் சொக்லேற் ஆருக்கு, உங்களுக்குச் சீனி வருத்தமெல்லோ?" எண்டு மகள் கேட்டிருக்கிறா. "அது முன்வீட்டுப் பெடிக்கு, நீ காசைப் போடு" எண்டு மறுமொழி வந்ததாம்.