வீண் பயம் என்னும் தீர்ப்பு

எட்டாம் மாதத்தையோ ஒன்பதாம் மாதத்தையோ அடைந்த கர்ப்பிணி ஒருத்தி, "நேற்றுப் போல் இன்று பிள்ளை துடிக்கவில்லை" என்று வாய் திறந்தால், எமது சமூகம் அவளுக்கு அளிக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "வீண் பயம்." மாமியார் சொல்வார், அயலார் சொல்வர், ஒருபொழுதும் சொல்லப்படலாகாத இடமாகிய வைத்தியசாலையின் வாசலிலும் சிலவேளைகளில் அதே சொல் கேட்கும். ஆறுதல் போன்று தோன்றும் இச்சொல் உண்மையில் ஒரு தீர்ப்பு. சாட்சியை விசாரியாமலே வழங்கப்படும் தீர்ப்பு. அத்தீர்ப்பினை வழங்குவோருக்கு அதற்குரிய அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று வினவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விஞ்ஞானம் கூறுவதை முதலில் நோக்குவோம். பதினெட்டாம் கிழமைக்கும் இருபதாம் கிழமைக்கும் இடையிலே பெரும்பாலான தாய்மார் சிசுவின் அசைவை உணரத் தொடங்குகின்றனர். முப்பத்திரண்டாம் கிழமை வரையில் அவ்வசைவு பெருகுகின்றது. அதன் பின்னர் ஏறத்தாழ ஒரே அளவில் நிலைபெறுகின்றது. வயிற்றிலுள்ள சிசுவும் உறங்குவதுண்டு. ஆனால் அவ்வுறக்கம் பொதுவாக இருபது முதல் நாற்பது நிமிடங்களே நீடிக்கும். ஒன்றரை மணித்தியாலத்தைக் கடப்பது அரிது. நச்சுக்கொடி செவ்வனே தொழிற்படாது பிராணவாயு குறையுமாயின், சிசு தன்னிடமுள்ளதை மூளைக்கும் இருதயத்துக்கும் ஒதுக்கிவிட்டு, கை கால்களின் அசைவைக் குறைத்துக்கொள்கின்றது. எனவே, அசைவு குறைதல் என்பது பேச இயலாத ஓர் உயிர் அனுப்பும் செய்தியாக இருக்கக்கூடும். அச்செய்தியை முதலிற் பெறும் ஆற்றல் உலகில் ஒருத்திக்கு மாத்திரமே உண்டு. அவளையே நாம் வாயடைக்கின்றோம்.

வாயடைப்பதற்கு எம்மிடம் ஆயத்தமாக உள்ள நியாயங்களைச் சற்று ஆராய்வோம். "மாதம் முற்றினால் வயிற்றில் இடமில்லை, பிள்ளை அடங்கித்தான் கிடக்கும்" என்பது முதலாவது. இது பொய். அசைவின் தன்மை மாறலாம். உதை உருளுதலாக மாறலாம். ஆனால் நிறைமாதத்தில் அசைவு குறைந்தே தீரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. "சீனி போட்டுத் தேநீர் குடி, குளிர்ந்த தண்ணீர் குடி, துடிக்கும்" என்பது இரண்டாவது. தேநீர் குடிப்பதில் தீங்கில்லை. தேநீரை நம்பி ஓர் இரவைக் கடத்துவதிலேதான் தீங்குண்டு. மூன்றாவது நியாயம் புதியது. கடையில் விலைக்குக் கிடைப்பது. சிசுவின் இருதயத் துடிப்பை வீட்டிலிருந்தே கேட்கலாம் என்று விற்கப்படும் சிறு கருவிகளையே குறிப்பிடுகின்றேன். துடிப்பு கேட்கின்றது என்பது அக்கணத்தில் உயிர் இருக்கின்றது என்பதை மாத்திரமே காட்டும். அவ்வுயிர் நலமாக உள்ளதா என்பதைக் காட்டாது. அது தாயின் சொந்த நாடியோசையாகவும் இருக்கலாம். பாட்டியின் தேநீரும் வணிகனின் கருவியும் ஈற்றில் செய்யும் வேலை ஒன்றே: வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய காலடியைத் தடுத்தல்.

"பெரும்பாலான பெண்களின் அச்சம் ஈற்றில் பொய்த்துத்தானே போகின்றது?" என்று சிலர் கேட்பர். உண்மை. ஒரு தடவை அசைவு குறைந்ததாகக் கூறி வரும் பெண்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பேரின் கர்ப்பம் எவ்விதச் சிக்கலுமின்றி நிறைவெய்துகின்றது என்பது பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர்களின் வழிகாட்டி நூல் தரும் கணக்கு. இதனை மறைக்க வேண்டியதில்லை. அஞ்சும் தாய்க்கு அது நல்ல செய்தியே. ஆனால் அதே நூல் மற்றொரு கணக்கையும் தருகின்றது. பிள்ளை இறந்து பிறந்த தாய்மாருள் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர், அச்செய்தி உறுதியாவதற்கு முன்னரே அசைவு குறைந்ததை உணர்ந்திருந்தனர். எழுபது பேரையும் மற்ற முப்பது பேரையும் பார்த்த பார்வையிலே பிரித்தறியும் கண் எவருக்கும் இல்லை. சோதித்தே அறிய வேண்டும். சோதித்த பின்னர் "ஒன்றுமில்லை" என்பது வைத்தியம். சோதியாமலே "ஒன்றுமில்லை" என்பது சூதாட்டம்.

இனி, கற்றோர் எழுப்பும் ஆட்சேபத்துக்கு வருவோம். அசைவுகளை எண்ணிக் குறிக்கும் முறையொன்று பிரித்தானியாவின் கார்டிவ் நகரிலிருந்து 1976இல் அறிமுகமாயிற்று. பின்னர் ஏறத்தாழ 68,000 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1989இல் வெளியான பெரும் ஆய்வொன்று, எல்லோரும் நாள்தோறும் எண்ணுவதனால் மரணம் குறைந்ததாகக் காணவில்லை. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 33 வைத்தியசாலைகளில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட கர்ப்பங்களை உள்ளடக்கி 2018இல் வெளியான ஆய்விலும், இறந்து பிறத்தல் ஆயிரத்துக்கு 4.40இலிருந்து 4.06 ஆகவே அமைந்தது. அச்சிறு வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்றனர் ஆய்வாளர். மறுபுறம், செயற்கையாகப் பிரசவத்தைத் தூண்டுதலும் சத்திரசிகிச்சையும் கூடின. தினமும் எண்ணுவதை ஆய்வு நோக்கத்துக்கு அப்பால் பொது விதியாக்க வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் கூறியது.

இவற்றைக் காட்டி, "பார்த்தீர்களா, தாயின் கவனிப்பினால் பயனில்லை" என்று சொல்வோர் பாதியை வாசித்து மூடியவர்கள். 1989ஆம் ஆண்டின் ஆய்வு மற்றொன்றையும் எடுத்துக்காட்டியது: எண்ணும்படி பணிக்கப்பட்டிருந்தும், இறந்த சிசுக்களுட் பல, தாய் வைத்தியரின் கவனத்தைப் பெறும் வேளையில் ஏற்கெனவே இறந்துவிட்டிருந்தன. குறைபாடு எண்ணுகின்ற விரலிலா, விரலுக்கும் வைத்தியசாலைக்கும் இடையிலுள்ள தூரத்திலா? தாயின் கையில் ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் மனப்பான்மையையே இவ்வாய்வுகள் தோற்கடித்தன. தாயை அல்ல.

அத்தூரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஐயம் தோன்றினால் இடப்புறம் சாய்ந்து படுத்து, இரண்டு மணித்தியாலம் பிள்ளையின் அசைவிலேயே கருத்தூன்றுமாறு அறிவுரை கூறப்படுகின்றது. நல்ல அறிவுரை. ஆனால் மலையகத்திலே கூடையுடன் நிற்கும் பெண் எங்கே படுப்பாள்? அன்றைய கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும். 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் சட்டம் வழங்கும் பன்னிரண்டு கிழமைகளுள் பிரசவத்துக்கு முந்திய காலத்துக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டு கிழமைகளே. அதாவது, அசைவைக் கூர்ந்து கவனிக்க வேண்டிய மாதங்களின் பெரும்பகுதியை அவள் மலையிலேயே கழிக்கும்படி சட்டமே இடம் வைத்திருக்கின்றது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. உடைமை மாறியது, நிர்வாகம் மாறியது, லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு இறங்கும் பாதை பல தோட்டங்களில் மாறவில்லை. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். வண்டி ஏறமுடியாத ஒற்றையடிப் பாதையை யார் செப்பனிடுவது? சுதந்திர வர்த்தக வலயத்தின் தையல் இயந்திரத்துக்கு முன்னால் இருக்கும் பெண்ணுக்கும் இதே கேள்விதான். அவளது கடிகாரம் உற்பத்தி இலக்கின் கடிகாரம், பிள்ளையின் கடிகாரமன்று.

எமது நாடு இத்துறையில் வெறுங்கையுடன் நிற்கவில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, வீடு தேடிச் செல்லும் மருத்துவிச்சி, இலவச வைத்தியம் ஆகியவை தாய்மாரின் மரணத்தைக் குறைத்த வரலாற்றை உலகம் எடுத்துக்காட்டாகக் கூறுகின்றது. இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன. மக்களின் வரிப்பணத்தால் எழுந்த இந்த அமைப்பே எமது பலம். ஆகவே அதனைக் குறைகூறுவது அதனை இடித்துத் தள்ளுவதற்கன்று. இன்னும் எட்டாத வாசல்களுக்கு அதனைக் கொண்டுசெல்வதற்கே.

உலகிலோ இம்மரணங்கள் நெடுங்காலம் கணக்கிலேயே சேரவில்லை. 2021ஆம் ஆண்டில் மாத்திரம் இருபத்தெட்டாம் கிழமைக்குப் பின்னர் ஏறத்தாழ பத்தொன்பது இலட்சம் சிசுக்கள் இறந்து பிறந்தன என மதிப்பிடப்பட்டுள்ளது. எனினும் 2000ஆம் ஆண்டின் புத்தாயிர இலக்குகளிலும் 2015ஆம் ஆண்டின் நிலைபேறான இலக்குகளிலும் இதற்கென ஓர் இலக்கு வகுக்கப்படவில்லை. பெயரிடப்படாத பிள்ளைக்குக் கணக்கேட்டிலும் இடமில்லை. அதன் தாய்க்கோ, "விதி" என்ற ஒரு சொல்லும், "நீதான் கவனிக்கவில்லை" என்ற மற்றொரு சொல்லும். முன்னர் சொன்னபொழுது கேளாதவர்களே பின்னர் ஏன் சொல்லவில்லை என்று கேட்கின்றனர்!

எனவே நாம் கோருவன இவை. அசைவு குறைந்தது என்று வரும் எந்தப் பெண்ணும், பகலாயினும் இரவாயினும், முதன்முறையாயினும் மூன்றாம் முறையாயினும், சோதிக்கப்படாது திருப்பி அனுப்பப்படலாகாது. அவளது சொல் அவளது தாய்மொழியிலேயே கேட்கப்படல் வேண்டும். சட்டத்தில் தமிழ் அரசகரும மொழியாகிவிட்டது, பிரசவ விடுதியிலும் அது மொழியாதல் வேண்டும். சோதனைக்குச் சென்ற நாளுக்குச் சம்பளம் வெட்டப்படலாகாது. பெருந்தெருவுக்கு இறங்கும் பாதை தோட்ட நிர்வாகத்தின் கருணைக்கு விடப்படலாகாது.

ஆசிரியர்களே, மாணவர்களே, அரசாங்கம் செய்யும் வரையில் காத்திராமல் நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. இருபத்தெட்டாம் கிழமைக்குப் பின்னர் அசைவு குறைந்ததோ என்ற ஐயம் எழுந்தால், இடப்புறம் சாய்ந்து படுத்துக் கவனிக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துள் பத்து அசைவுகள் தெரியாவிடின் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அசைவே தெரியாவிடின், அல்லது வழமைக்கு முற்றிலும் மாறாகத் தோன்றின், அந்த இரண்டு மணித்தியாலமும் காத்திருக்கலாகாது. விடியட்டும் என்றிருக்கவும் கூடாது. இந்நான்கு வரிகளையும் வகுப்பறையிலும் வாசிகசாலையிலும் தொழிற்சங்கக் கூட்டத்திலும் உரத்துச் சொல்வோம். ஆண்களுக்கும் சொல்வோம், வண்டி பிடிக்க ஓட வேண்டியவர்கள் அவர்களே.

தாயின் கவலை நோயன்று, அறிவு. அதனை வீண் ஆக்குவது அவளல்லள், செவிசாயாத நாமே.