"மூலிகைதானே, ஒன்னும் செய்யாது" – இந்தப் பேச்சை நிறுத்துவோம்

இது கோயில் அறிவிப்பு இல்லை. ஒரு தொண்டூழியரா ரொம்ப நாளா மனசுல இருக்கிற ஆதங்கம். சில பேருக்குக் கோபம் வரலாம். வந்தாலும் முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

புரட்டாசி விரதமோ தைப்பூச விரதமோ, அன்னதானக் கூடத்துல வழக்கமா நடக்கிறது இது. பட்டினி கிடந்த வயித்துல சாம்பாரும் பாயாசமும் இறங்கினதும் வயிறு ஊதும், நெஞ்சு எரியும். ஒரு அக்கா பையிலிருந்து ஈனோ எடுப்பாங்க. பக்கத்துல இருக்கிறவங்க ஒரு பொடியை நீட்டி, "இதையும் சேர்த்துப் போடுங்க, மூலிகைதானே, ஒன்னும் செய்யாது"ன்னு சொல்வாங்க. அடுத்த வாரம் அதே பொடிக்கு அங்கேயே விலை பேசுவாங்க.

ஒன்னும் செய்யாதுன்னா அதை ஏன் சாப்பிடணும்? குணம் தரும்னு நம்பித்தானே சாப்பிடுறோம். உடம்புல வேலை செய்யுற பொருள், இன்னொரு மருந்தோட சேரும்போதும் வேலை செய்யும். அது நல்ல வேலையா இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

அதிமதுரத்தை எடுத்துக்குங்க. வயித்துப் புண்ணுக்கு நல்லதுன்னு பொடியா விக்கிறாங்க. தினமும் அதிகமா சாப்பிட்டா அது உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி, இரத்த அழுத்தத்தைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். ஈனோ மாதிரி சோடா உப்பு மருந்துல சோடியம் நிறைய இருக்கு. ஏற்கனவே பிரஷர் இருக்கிறவங்க ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டா, கிளினிக்ல கொடுத்த பிரஷர் மாத்திரை எப்படி வேலை செய்யும்? இதோட மலச்சிக்கலுக்கு நிலாவாரைப் பொடியும், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் சேர்ந்தா பொட்டாசியம் இன்னும் இறங்கும். ரொம்ப இறங்கினா இதயத் துடிப்பே தப்பும்.

வயிறு சரியில்லைன்னா உடனே கறுப்புக் கரி மாத்திரை போடுறது நம்ம நாட்டுல பழக்கம். அந்தக் கரி, வயித்துல இருக்கிற மற்ற மருந்தையும் பிடிச்சு வச்சுக்கும். அதே நேரத்துல போட்ட மாத்திரை, மூலிகை ரெண்டுமே வீணாகலாம். இசப்கோல் உமியும் மற்ற மருந்து உடம்புல சேர்றதைத் தாமதப்படுத்தும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளை மருந்து, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை உடம்புல ஒட்டாம தடுக்கும். பொதுவா இவற்றுக்கும் மற்ற மருந்துக்கும் நடுவுல குறைஞ்சது 2 மணி நேர இடைவெளி வேணும். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம வெள்ளை மருந்தைத் தொடவே கூடாது.

இதை விடப் பெரிய ஆபத்து, மூட்டு வலிக்கு விக்கிற பேர் தெரியாத கேப்சூல். பதிவு செய்யப்படாத சில மூலிகை மருந்துகள்ல ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு சுகாதார அமைச்சு பல தடவை எச்சரிச்சிருக்கு. அதோட வலி மாத்திரையும் சேர்ந்தா வயித்துல புண்ணாகி இரத்தம் கசியலாம். நம்ம ஆளு, "கேஸ்"னு நினைச்சு வெள்ளை மருந்தைக் குடிச்சு எரிச்சலை மட்டும் அடக்கி வைப்பாரு. உள்ளே புண் வளர்ந்துக்கிட்டே இருக்கும்.

"நீ சித்த வைத்தியத்துக்கு எதிரியா?"ன்னு கேக்காதீங்க. பத்தியம், அனுபானம் என்ற சொற்கள் எங்கிருந்து வந்துச்சு? எதை எதோட சாப்பிடணும், எதைத் தள்ளி வைக்கணும்னு வகுத்தது நம்ம வைத்தியம்தான். நல்ல வைத்தியர் நாடி பார்த்து, வேற என்ன மருந்து சாப்பிடுறீங்கன்னு கேட்டுத்தான் கொடுப்பாரு. சாப்பாட்டு வரிசையில நின்னுக்கிட்டு பொடி கொடுக்கிறவங்க எதைக் கேக்குறாங்க? சித்தர் பேரைச் சொல்லி விக்கிறதால அது சித்த வைத்தியம் ஆகிடாது.

"டாக்டர் ஏசுவாரு, அதனால சொல்றதில்லை"ன்னும் சில அம்மாக்கள் சொல்றாங்க. ஏசினா ஏசட்டும். மறைச்சா, அவர் பாதி தெரிஞ்சு பாதி தெரியாம மருந்து எழுதுவாரு. அனுபவிக்கப் போறது நம்ம உடம்பு.

நான் கேக்கிறது இவ்வளவுதான்:

1. வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரை, பொடி, லேகியத்தையும் ஒரே பையில போட்டு பார்மசிஸ்ட்கிட்ட காட்டுங்க. எது எதோட சேரும்னு அவர் சொல்வாரு.

2. டப்பாவுல எம்ஏஎல்னு தொடங்கும் பதிவு எண் இருக்கான்னு பாருங்க. பாரம்பரிய மருந்துன்னா இலக்கங்களுக்குப் பிறகு டி எழுத்து வரும். எண் இல்லைன்னா வாங்காதீங்க.

3. கிளினிக் மருந்தை யார் பேச்சைக் கேட்டும் நிறுத்தாதீங்க.

4. மலம் தார் மாதிரி கறுப்பா போனா, இரத்த வாந்தி வந்தா, உடனே மருத்துவமனைக்குப் போங்க. நெஞ்சு அழுத்தி, வியர்த்து, கை, தாடை வரை வலிச்சா அதைக் கேஸ்னு நினைச்சு ஈனோ கலக்காதீங்க. 999 கூப்பிடுங்க.

5. கோயில் நிர்வாகத்துக்குப் பணிவான வேண்டுகோள்: மண்டபத்துக்குள்ள மருந்து விற்பனை வேண்டாம்.

சன்னிதியில கொடுக்கிற திருநீறையும் தீர்த்தத்தையும் கேள்வி கேக்காம வாங்கிக்கிறோம். அது பக்தி. அதே நம்பிக்கையில பக்கத்து நாற்காலிக்காரர் நீட்டுற கேப்சூலையும் வாயில போடுறது பக்தி இல்லை. உங்க நம்பிக்கையைக் காசாக்க நினைக்கிறவங்களுக்கு இடம் கொடுக்காதீங்க.

விரதம் இருக்கிற உங்க அம்மா, அப்பா, மாமியாருக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. வேலும் மயிலும் துணை.