பாதியில் நிற்கும் திருமணம்

மாசி பிறந்து, பழனிமலைச் சாரலிலிருந்து உலர்ந்த காற்று இறங்கத் தொடங்கும் நாள்களில், கன்னிவாடியைச் சூழ்ந்த சிற்றூர்களின் சுவர்களிலும் தேநீர்க்கடைத் தட்டிகளிலும் நாடக நோட்டீசுகள் ஒட்டப்படுவதைக் காணலாம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஹார்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவர் படத்தின் கீழும் அவரவர் பெயரும் ஊரும் அச்சாகியிருக்க, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் ‘வள்ளி திருமணம்’ என்றிருக்கும். நோட்டீசில் அந்தத் திருமணம் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது; மேடையிலோ பல ஊர்களில் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் என் மனக்குறை.

ஸ்பெஷல் நாடகம் என்னும் இக்கலையின் விசேஷம், அதற்குக் கம்பெனியும் கிடையாது, ஒத்திகையும் கிடையாது என்பதே. மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி, மணப்பாறை ஆகிய ஊர்களிலுள்ள சங்கங்களின் நடிகர்களைத் தனித்தனியே பேசி அமர்த்த, அவர்கள் வெவ்வேறு பேருந்துகளில் வந்திறங்கி, தட்டி மறைப்புக்குள் அரிதாரம் பூசிக்கொண்டு, அன்றிரவே ஒரே குடும்பத்தார்போல் மேடையேறுகிறார்கள். முன்பின் சேர்ந்து நடித்திராதவர்களையும் இவ்வாறு பிணைக்கும் சூத்திரக்கயிறு, சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த நாடகங்களே. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, நம் பழனியில் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்று, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவி, 1922இல் புதுவையில் மறைந்த அப்பெரியார், நடிகர் கையில் பாட்டையும் வசனத்தையும் கொடுத்ததோடு, அவர்தம் மனோதர்மத்துக்கும் தாராளமாக இடம் விட்டுச் சென்றார். அந்த இடத்தில்தான் தர்க்கம் பிறக்கிறது.

சிறு பிராயத்தில், கோயில் திடலில் சாக்கு விரித்து, பாட்டியின் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நான் உறங்கிய இரவுகள் பல. பபூன் வந்தபோது அவள் என்னை எழுப்பியதில்லை. டான்ஸ் வந்தபோதும் எழுப்பியதில்லை. நள்ளிரவு கடந்த பின், ‘எந்திரிடா, வேடன் வந்துட்டான்’ என்று தோளைப் பிடித்து உலுக்குவாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால், வேடன் ஒரு கேள்வியை வீசிவிட்டு வில்லை ஊன்றி நிற்பான். ஹார்மோனியக்காரர் காலால் துருத்தியை மிதித்துச் சுருதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். ‘பதில் சொல்லு தாயி!’ என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் குரல் கொடுப்பார். வள்ளி இரண்டடி முன்னால் வந்து, கவணைத் தோளில் போட்டுக்கொண்டு, கேட்ட கேள்வியின் கடைசிச் சொல்லையே முதற்சொல்லாக எடுத்துப் பாடத் தொடங்குவாள். அப்போது ஹார்மோனியக்காரர் தலைநிமிர்ந்து புன்னகைத்ததை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பதில் அவருக்கும் புதிது என்பதை, பல ஆண்டுகள் கழித்தே நான் புரிந்துகொண்டேன்.

இந்த நாடகத்தின் ஜீவன் நள்ளிரவுக்குப் பின்னால் இருந்தது. இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகத்தில் முதல் இரண்டு மணி நேரம் பபூனுக்கும் டான்ஸுக்கும் உரியது. நாரதரும் வள்ளியும், வேடனும் வள்ளியும் எதிர்நின்று தர்க்கம் புரிவது அதன்பிறகே. கிழவேடமும் யானையும் வந்து மாலை மாற்றுகையில் கிழக்கு வெளுக்கும். ஆனால் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ, இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழாக்காலங்களில் மாநில அரசு தளர்வு கொடுத்தாலும், ஆண்டுக்குப் பதினைந்து நாள்களுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு வரையில்தான். எனவே நேரத்தைக் கருதி நாடகத்தைச் சுருக்க நேரும் ஊர்களில், பபூனின் சிரிப்பு முழுமையாக மிஞ்ச, வள்ளியின் வாக்கு வெட்டுப்படுகிறது.

விதியின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. நோயாளிகளும் தேர்வெழுதும் பிள்ளைகளும் உள்ள தெருவில், கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டி விடியவிடிய அலறவிடுவது பக்தியும் ஆகாது, கலையும் ஆகாது. ஆனால் விதி விடியலைத்தான் எடுத்துக்கொண்டதேயன்றி மாலையை எடுத்துக்கொள்ளவில்லை. விளக்கு வைத்ததும் ஆறரை மணிக்கே நாடகத்தைத் தொடங்கலாம்; பபூன், டான்ஸ் பகுதியை ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம்; ஒலியைத் திடலுக்குள்ளேயே நிறுத்திக்கொண்டு, பத்து மணிக்குப் பின் முறைப்படி அனுமதி பெற்று, நள்ளிரவுக்குள் திருமணத்தை நிறைவேற்றலாம். தர்க்கத்துக்கு மட்டும் மூன்று மணி நேரம் கிடைக்கும். அதுவே கலைஞர் கேட்பதும், ரசிகர் இழந்ததும்.

இது கலையின் பிரச்சினை மட்டுமன்று, வயிற்றின் பிரச்சினையும்கூட. மாசி தொடங்கி ஆடி வரை சம்பாதித்ததைக் கொண்டே ஆண்டு முழுவதையும் ஓட்டும் இக்குடும்பங்கள், 2020, 2021 ஆகிய இரண்டு கோடைகளையும் ஊரடங்கில் பறிகொடுத்தன. 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் கைகொடுக்கலாம். ஆயினும் எந்த வாரியமும் ஒரு நடிகைக்குக் கேட்போர் கூட்டத்தைக் கொடுக்க முடியாது. எதிர்நிற்பவனின் கேள்விக்குப் பதில் தேடும் திறமை, அதைக் கேட்கக் காத்திருக்கும் முகங்களின் முன்தான் வளரும். 2014இல் மாநகராட்சியான திண்டுக்கல்லும், ஆண்டுக்கு ஓர் இரவேனும் தன் மைதானம் ஒன்றில் முழு நாடகத்தை நடத்தினால், கிராமத்துத் திடலில் வளர்ந்த கலைக்கு நகரத்தாரின் மரியாதையும் கிட்டும்.

அடுத்த திருவிழாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து நாடகம் பேசும் விழாக் கமிட்டியார், தொகையைப் பேசும்போதே நேரத்தையும் பேசிவிடவேண்டும் என்பது என் விண்ணப்பம். வேடன் வரும் நேரம் இன்னதென்று நோட்டீசிலேயே அச்சிடுங்கள். அந்த நேரத்துக்கு எங்கள் பிள்ளைகளை எழுப்பிவிடும் பொறுப்பை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.