கெரட்டோகன்ஜங்டிவைட்டிஸ்: வாயில நுழையும், சொல்லிப் பாருங்க

ஓபி சீட்டுல இந்தப் பேரைப் பார்த்ததும் "வாயில நுழையாது சார்"னு மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கறீங்க. எங்க ஆளுங்களும் "நோயாளிக்குப் பேர் எதுக்கு, சொட்டு மருந்து போட்டா போதாதா?"ங்கறாங்க. ரெண்டு பக்கமும் தப்பு.

உடைச்சு சொல்லுங்க. கெரட்டோ. கன்ஜங்டிவ். ஐட்டிஸ். திருச்சிற்றம்பலமுடையார்னு ஒரே மூச்சுல சொல்ற சிதம்பரத்துக்காரங்களுக்கு இதுவா கஷ்டம்?

ஐட்டிஸ்னா அழற்சி. அப்பெண்டிசைட்டிஸ், டான்சிலைட்டிஸ் எல்லாத்துக்கும் இதே வால்தான். கன்ஜங்டிவா, வெள்ளை முழியையும் இமையோட உள்பக்கத்தையும் மூடியிருக்கற மெல்லிய ஜவ்வு. கெரட்டோன்னா கிரேக்கத்துல கொம்பு. மருத்துவத்துல கார்னியா, முழிக்கு முன்னாடி இருக்கற கண்ணாடி மாதிரி படலம். கண் தானத்துல அடுத்தவருக்கு வைக்கறது இதைத்தான்.

என் சண்டையே அந்த 'கெரட்டோ'வுக்குத்தான். வைரஸால ஜவ்வு மட்டும் சிவந்தா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா சரியாகிடும். கார்னியாவும் பாதிச்சா வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். அங்க தழும்பு விழுந்தா பார்வையே போகலாம்.

'மெட்ராஸ் ஐ' 1918-ல மெட்ராஸ்ல பரவினப்போ வந்த பேர். முக்கியக் காரணமான அடினோ வைரஸைக் கண்டுபிடிச்சதே 1953-லதான். பேர் மேல எனக்குக் கோபமில்ல. சிவந்த கண்ணுக்கெல்லாம் அதே பேரை ஒட்டறதுதான் பிரச்சினை.

சிதம்பரம் பக்கத்து கிராமத்துலேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க. அறுப்புல நெல் தாள் கண்ணைக் கீறிடுச்சு. மருந்துக் கடையில "மெட்ராஸ் ஐ தான்மா"ன்னு ஸ்டீராய்டு சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. ரெண்டு நாள்ல சிவப்பு குறைஞ்சுது, நிம்மதி. உள்ள பூஞ்சை வளர்ந்துச்சு. ஸ்டீராய்டு அதுக்குத் தீனி மாதிரி. நான் கண் டாக்டர் இல்ல, வெறும் எம்பிபிஎஸ். எனக்கே டார்ச் வெளிச்சத்துல அந்த வெள்ளைப் புண் தெரிஞ்சுது. உடனே கண் பிரிவுக்கு அனுப்பினோம். அந்தக் கண்ணுல இப்போ வெளிச்சம் மட்டும்தான் தெரியுது.

"டாக்டர், கார்னியா பாதிச்சிருக்கா?" இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தா? கடைக்காரருக்குப் பதில் தெரிஞ்சிருக்காது, அக்கா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாங்க.

தம்பி தங்கச்சி டாக்டர்களே, பேரைப் புரியற மாதிரி எழுதுங்க, வாயால ஒரு தடவை சொல்லுங்க. அரை நிமிஷம்தான். ஓபில கூட்டம்னு சொல்லாதீங்க, எனக்கும் அதே கூட்டம்தான்.

வீட்ல இருக்கற பாட்டிலை இப்பவே எடுத்துப் பாருங்க. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன்னு இருந்தா டாக்டர் சொல்லாம கண்ணுல விடாதீங்க. தாய்ப்பாலும் வேண்டாம், அத்தை.