பொங்கல் ராத்திரிக்குப் புது மெனு!

"டாக்டர், பொங்கலுக்குப் பசங்க எல்லாம் வர்றாங்க. ராத்திரிக்குப் புதுசா என்ன பண்ணலாம்?" மயிலாப்பூர், அடையாறு இல்லத்தரசிகள் பலரும் கேட்கும் கேள்வி இது. பன்னீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன் என்று சிலர் முடிவே செய்துவிடுகிறார்கள். வேண்டாமே!

காலையில் சர்க்கரைப் பொங்கல், மத்தியானம் வடை, பாயசம். வயிறு அதற்கே திண்டாடும். ராத்திரியும் எண்ணெய், மைதா என்றால்? வீட்டில் சர்க்கரை நோயுள்ள தாத்தா, பாவம், வேடிக்கை பார்க்கிறார். இல்லையென்றால் ஆசைக்குச் சாப்பிட்டுவிட்டு அவதிப்படுகிறார்.

புதுமை வேண்டுமா? பச்சரிசிக்குப் பதில் சாமை அரிசி போடுங்கள். 1 டம்ளர் சாமை, அரை டம்ளர் பயத்தம்பருப்பு, 5 டம்ளர் தண்ணீர். குழைய வெந்ததும் மிளகு, சீரகம், இஞ்சி தாளித்தால் வெண்பொங்கல் ரெடி. தொட்டுக்கொள்ள, மாட வீதிகளில் அந்த வாரம் குவியும் அவரை, மொச்சை, பரங்கி போட்ட கூட்டு. கூடவே கருணைக்கிழங்கு மசியல். புளி சேர்த்து வேகவைத்தால் நாக்கு அரிக்காது. கிழங்குகளில் கருணைக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தவர் சித்தர் தேரையர்! முடிவில் தூதுவளை ரசம்.

ஒரு எச்சரிக்கை. 2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதிலிருந்து, 'சிறுதானியம்தானே' என்று சிலர் இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொள்கிறார்கள். சாமையிலும் மாவுச்சத்து உண்டு. சர்க்கரைக்காரர்களுக்குப் பொங்கல் ஒரு பங்கு என்றால், காய் இரண்டு பங்கு. பண்டிகையென்று மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

8 மணிக்குள் இலை போட்டுவிடுங்கள். தாத்தாவுக்குத் தனிச் சமையல் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. அதுதானே பண்டிகை!