மௌனம் கலைந்தது, யாருடைய மௌனம்?

பிரித்தானியாவின் 'பல்ப்' என்னும் மாற்று ரொக் இசைக்குழு 24 ஆண்டுகள் கழித்து ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. 2025 ஜூன் 6 ஆம் திகதி வெளிவந்த அத்தட்டின் பெயர் 'மோர்'; 'இன்னும்' என்பது பொருள். ஒரே வாரத்தில் அது பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. விமர்சகர்கள் இரு கை நீட்டி வரவேற்றனர். அவ்வரவேற்புரைகளிலே ஒரு கருத்து மீண்டும் மீண்டும் ஒலித்தது: இவர்கள் முதிர்ச்சி பெற்றுவிட்டார்கள் என்பதே அது. இந்த 'முதிர்ச்சி' என்ற சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

மேல்நாட்டு ரொக் இசைக்கு முற்போக்கு ஏட்டில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அது முதலாளித்துவச் சீரழிவின் கூச்சல், சந்தைச் சரக்கு, அதனைத் தள்ளிவிடுவதே முறை என்பது அவர்கள் கட்சி. இக்கட்சி எளிதானது, எளிதாயிருப்பதே அதன் குற்றம். சந்தையிலே விற்கப்படுகின்றது என்பதனால் ஒரு கலைப்படைப்பு உண்மை பேசாதென்றால், அச்சிட்டு விற்கப்படும் நாவல்களையும் நாம் மூடிவைக்க வேண்டியதுதான். எந்தச் சமூக நிலைமையிலிருந்து ஒரு குரல் எழுந்தது, அது யாருக்காகப் பேசிற்று, பின்னர் ஏன் பேசாதொழிந்தது என்று வினவுவதே நமது முறை.

பல்ப் குழு 1978 இல் ஷெஃபீல்ட் நகரிலே பள்ளிச் சிறுவனாயிருந்த ஜார்விஸ் கொக்கரால் தொடங்கப்பட்டது. ஷெஃபீல்ட் உருக்கு நகரம். அந்நகரத்தின் உலைகள் ஒவ்வொன்றாய் அவிந்த காலமும் இக்குழு வளர்ந்த காலமும் ஒன்றே. ஹாட்ஃபீல்ட்ஸ் உருக்காலை நின்ற நிலத்தில் 1990 இல் மெடோஹோல் என்னும் பேரங்காடி எழுந்தது. உருக்கு வார்த்த மக்களின் பிள்ளைகள் அங்கு வாங்குவோராயும் விற்போராயும் ஆயினர். 1984 ஜூனில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரைப் பொலிசார் குதிரையேறி அடித்து விரட்டிய ஓர்கிறீவ் அந்நகருக்கு அண்மையிலேதான் உள்ளது. இவற்றையெல்லாம் கண்ட தலைமுறையொன்றின் குரல் அது.

அக்குரல் 1995 இல் 'கொமன் பீப்பிள்' என்ற பாடலாக வெடித்தது. கலைக்கல்லூரியிலே பயிலும் செல்வர் வீட்டுப் பெண்ணொருத்தி சாதாரண மக்களைப்போல் வாழ்ந்து பார்க்க ஆசைப்படுகின்றாள். பாடுபவன் அவளுக்கு அறிவுறுத்துவது ஒன்றே: வெளியேறும் கதவு எப்பொழுதும் திறந்திருப்பவருக்கு வறுமை ஒரு விளையாட்டு, கதவே இல்லாதவருக்கு அது வாழ்க்கை. வர்க்கம் என்பது உடையோ உச்சரிப்போ அன்று, தப்பிச்செல்லும் வழி உண்டா இல்லையா என்பதே என்று இதைவிடத் தெளிவாய் உரைத்த ஜனரஞ்சகப் பாடல்கள் சிலவே. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை அது சென்றது. பாடல் இடம்பெற்ற தட்டின் பெயர் 'டிபரன்ட் கிளாஸ்'. வேறொரு வர்க்கம் என்றும் பொருள்படும், தனித்தரம் என்றும் பொருள்படும். இந்தச் சிலேடையிலே ஒரு வர்க்கத்தின் தன்மானம் இருந்தது.

பின்னர் 2001 இல் ஒரு தட்டு. அதன்பின் நீண்ட மௌனம். இடையிலே பழைய பாடல்களைப் பாடி மேடையேறினர்; 2023 இல் மீண்டும் கூடினர். அவ்வாண்டிலேயே குழுவின் பேஸ் கிற்றார்க் கலைஞர் ஸ்ரீவ் மக்கி காலமானார். புதிய தட்டு அவருக்கே காணிக்கையாக்கப்பட்டுள்ளது.

நியாயமாயிருப்போம். 2025 இன் அதே கோடையில் 'ஒயாசிஸ்' குழுவும் மீண்டது. ஆனால் ஒரு புதிய பாடலுமின்றி மீண்டது. அதன் கச்சேரிகளுக்கு 2024 இல் நுழைவுச்சீட்டு விற்றபொழுது, சுமார் 150 பவுணாயிருந்த சீட்டு 355 பவுண்வரை ஏறியதைக் கண்டு மக்கள் கொதித்தனர். கடந்துபோன இளமையை மக்களுக்கே திரும்ப விற்கும் வாணிகம் அது. பல்ப் குழுவினர் அவ்வழியிலே நின்றுவிடவில்லை. மூன்றே வாரங்களில், லண்டனிலே, புதிய பாடல்களை ஒலிப்பதிவு செய்தனர். இத்துணிவைப் போற்றாதிருத்தல் தகாது.

ஆனால் அப்பாடல்கள் எதைப்பற்றியவை? வயதாதல் பற்றியது ஒன்று. உழவர் சந்தையொன்றில் அரும்பிய காதல் பற்றியது ஒன்று. பழகிப்போன அன்பு வீட்டின் பின்னணி இரைச்சல்போல் ஆகிவிடுவது பற்றியது வேறொன்று. தட்டின் தொடக்கப் பாடலான 'ஸ்பைக் ஐலண்ட்', மேடையேறிப் பாடுவதே தம் பிறவித்தொழில் என்ற உணர்வைச் சொல்வது. இவை பொய்யான பாடல்களல்ல. நேர்மையும் நகைச்சுவையும் உடையன. ஆயினும் 1995 இல் தெருவை நோக்கித் திறந்திருந்த சாளரம் இன்று வீட்டினுள்ளே திரும்பிவிட்டது. இத்திருப்பத்தைத்தான் விமர்சகர்கள் முதிர்ச்சி என்கின்றனர்.

அறுபதைத் தாண்டிய கலைஞர் முதுமையைப் பாடலாகாதா என்று கேட்கலாம். தாராளமாய்ப் பாடலாம். கொள்கைப் பிரகடனத்துக்கு மெட்டுப்போடும்படி நாம் யாரையும் கேட்கவில்லை. அத்தகைய வறட்டுக் கோரிக்கைகளால் முற்போக்கு இயக்கத்துக்கு விளைந்த கேடு கொஞ்சமல்ல. நாம் கூறுவது வேறு: முதுமைக்கும் வர்க்கம் உண்டு. பாடகர் தம் முதுமையைக் காதலும் நினைவுமாய் அனுபவிக்கின்றார். அவரது வயதையொத்த பண்டகசாலைத் தொழிலாளியோ, ஓய்வூதியம் பெறுவதற்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் பாரம் தூக்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றான். இருவர் முதுமையும் ஒன்றல்ல. ஒரு காலத்தில் இவ்வேறுபாட்டையே ஊசிமுனையாற் சுட்டியவர் கொக்கர். அந்த ஊசி இன்று எங்கே? கோபம் தணிவதை முதிர்ச்சி என்று புகழ்வோர், கோபத்துக்குரிய காரணங்களும் தணிந்துவிட்டன என்று நம்மை நம்பவைக்கின்றனர். அவை தணியவில்லை.

இனி, நமது முதன்மையான கேள்விக்கு வருவோம். ஒரு குழுவின் 24 ஆண்டு மௌனத்தைப்பற்றி உலகம் பேசுகின்றது. பாடத் தொடங்கவே வழியின்றிப் போனவர்களின் மௌனத்தைப்பற்றிப் பேசுவோர் யார்?

பல்ப் குழு தொடங்கியது 1978 இல். பரவலான புகழ் கிடைத்தது 1994 இலும் 1995 இலும். இடையிலுள்ள பதினாறு ஆண்டுகள் தோல்வியின் ஆண்டுகள். அத்தோல்வியைத் தாங்க உதவியவை எவை? வேலையற்றோருக்கான உதவிப்பணமும் மலிந்த வாடகையுமே. 1988 இல் கொக்கர் லண்டனின் சென். மார்ட்டின்ஸ் கல்லூரியிற் சினிமாக் கலை பயிலப் புகுந்தார். 1962 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின்படி, மாணவர்களின் பயிற்சிச் செலவையும் வாழ்க்கைச் செலவையும் பொதுப்பணம் தாங்கிய காலம் அது. 'கொமன் பீப்பிள்' பாடலின் கரு அக்கல்லூரி நாட்களிலே கிடைத்தது. அரசுப் பணமின்றேல் ஷெஃபீல்ட் இளைஞன் அவ்வகுப்பிலே இருந்திரான், பாடலும் பிறந்திராது. ஒரு கலைஞனின் மேதைமை என்று நாம் போற்றுவதில் ஒரு பங்கு, தொழிலாளர் இயக்கம் போராடிப் பெற்ற உரிமையின் விளைச்சல் என்பதை மறத்தலாகாது.

அவ்வுரிமை படிப்படியாய்ப் பறிக்கப்பட்டது. 1998 இல் ஆண்டுக்கு 1,000 பவுண் கல்விக்கட்டணம் புகுத்தப்பட்டது. இங்கிலாந்தில் அது 2012 இல் 9,000 பவுண்வரை உயர்ந்தது. 2025 இல் 9,535 ஆயிற்று. ஏழை மாணவருக்கான வாழ்க்கைச் செலவு மானியம் 2016 இல் நிறுத்தப்பட்டுக் கடனாக்கப்பட்டது. 2022 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பிரித்தானியாவில் 1953 முதல் 1962 வரை பிறந்த கலைத்துறையினருள் நூற்றுக்கு 16.4 பேர் தொழிலாளர் குடும்பத்தவர். நாற்பது ஆண்டுகள் பின்னர்ப் பிறந்தோருள் 7.9 பேரே அத்தகையோர். தொழிலாளர் குடும்பங்களின் தொகையே இடையிற் சுருங்கிற்று என்பது மெய். ஆயினும் மேற்குடிப் பிள்ளைக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கும் இடையே வாய்ப்பில் உள்ள பள்ளம் அன்றும் இருந்தது, இன்றும் தூரவில்லை என்பதையே அவ்வாய்வு காட்டுகின்றது. எனவே பழைய காலம் பொற்காலமாயிருந்தது என்று நாம் சொல்லவில்லை. சுவரிலே ஒரு சிறு வாயில் இருந்தது. அதுவும் அடைபடுகின்றது என்கின்றோம்.

மேடைகளின் கதியும் அதுவே. 2023 ஆம் ஆண்டில் மட்டும் பிரித்தானியாவில் 125 சிறு அரங்குகள் நேரடி இசையை நிறுத்தின. பல்ப் தன் இளமையிற் பாடிய மேடைகளுள் ஒன்று ஷெஃபீல்டின் லெட்மில். பழைய மாவாலையொன்றில் 1980 இல் தொடங்கிய அவ்வரங்கை நடத்திவந்தோர், கட்டிட உடைமையாளரோடு நீதிமன்றத்திலே தோற்று, 2025 ஜூன் இறுதியிலே தம் கடைசி நிகழ்ச்சியை நடத்தினர். அதே ஜூன் இறுதியிலேதான் கிளாஸ்ரன்பரிப் பெருவிழாவில் பல்ப் பெருங்கூட்டத்தின் முன் பாடிற்று. ஒரே மாதத்தில் ஒரு கூட்டம் ஆர்ப்பரித்தது, ஒரு கதவு அடைபட்டது. பத்திரிகைகள் எதற்கு இடம் கொடுத்தன என்று சொல்லவேண்டியதில்லை.

மீண்டுவந்த கலைஞரை வரவேற்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. 'மோர்' கேட்கத்தக்க தட்டு. ஆனால் ஒரு தலைமுறை தன் இளமையை நினைந்து கைதட்டும் ஓசையிலே, அடுத்த தலைமுறையின் வாய் கட்டப்படும் ஓசை அமுங்கிவிடலாகாது. ஆசிரியர்களே, மாணவர்களே! ஒரு பாடலை நயக்கும்பொழுது, அது பிறப்பதற்கு யார் கட்டணம் செலுத்தினர் என்றும் கேளுங்கள். இலவசக் கல்வியும் மலிந்த வாடகையும் ஊருக்கொரு மேடையும் கலைக்குப் புறம்பான கோரிக்கைகளல்ல. கலையின் முதல் நிபந்தனைகள். அவற்றுக்காகப் போராடுவோரே நாளைய பாடல்களுக்கு வழி திறப்போர். 'இன்னும்' என்ற அந்தச் சொல்லை நாமும் சொல்வோம்: இன்னும் பாடாதவர்கள் இருக்கின்றார்கள்.