சிவராத்திரிக்குப் பழைய படம் வேண்டாமாம்!



இது கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு நிதானமா உட்கார்ந்து படிங்க. முழுசா படிச்ச பிறகு எங்களைத் திட்டணும்னா தாராளமா திட்டுங்க. பாதியில நிறுத்திட்டு மட்டும் திட்டாதீங்க.

விஷயம் இதுதான். சுங்கை ஊடாங்கில் நாங்கள் தொண்டு செய்கிற கோயிலில், மகா சிவராத்திரி அன்று இரண்டாம் காலப் பூசைக்கும் மூன்றாம் காலப் பூசைக்கும் நடுவில், மண்டபத்தில் ஒரு பழைய பக்திப் படம் போடுவது வழக்கம். கண் விழிக்க வந்தவங்க கைப்பேசியை நோண்டிக்கிட்டுத் தூங்கி விழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இந்த வருஷக் கூட்டத்தில் அதைத் தூக்கிடலாம்னு பேச்சு வந்தது. அதுக்குப் பதிலா அதிர்ஷ்டக் குலுக்கும் கரோக்கேயும் வைக்கலாமாம். "பழைய படத்தை இனிமே யாரு பாக்குறா, இளசுங்களே வர மாட்டேங்குது" என்றார்கள்.

நாற்காலி அடுக்குகிற நாங்கள், பாய் விரிக்கிற நாங்கள், விடியற்காலையில் அண்டா கழுவுகிற நாங்கள், அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. பெரியவங்க முன்னால எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு வளர்ந்துட்டோம். ஆனா மனசு ஆறலை. அதனால இங்கே எழுதுகிறோம். எங்களுக்கு அந்தப் படம் வேணும்.

முதலில் சொன்ன காரணம்: "கோயிலில் சினிமா எதுக்கு?"

ஐயா, 1965-இல் வந்த 'திருவிளையாடல்' எங்கிருந்து வந்தது? பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்திலிருந்து. சொக்கநாதர் மதுரையில் செய்த 64 விளையாடல்களில் சிலவற்றை எடுத்துத்தான் ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். அவர் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். சிவாஜி கணேசனும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். அந்த நாடகத்துக்கு மேடை கொடுத்ததே ஊர் ஊராக நடந்த கோயில் திருவிழாக்கள்தானே? கூத்தும் கதாகாலட்சேபமும் கோயில் வாசலில் நடந்தபோது தீட்டு வரவில்லை. அதே கதை வெள்ளைத் துணியில் ஓடினால் மட்டும் தீட்டு வந்துவிடுமா?

இன்னொண்ணு. "சினிமா வேண்டாம்" என்று சொல்கிற அதே வாய்தான் கரோக்கே வேணும்னு கேட்கிறது. கரோக்கேயில் என்ன பதிகமா பாடப்போறாங்க? திருவிழா அன்று ஒலிபெருக்கியில் போன வாரம் வந்த படப்பாட்டு மெட்டில் உருமி அடிக்கும்போது யாருக்கும் கோயில் ஞாபகம் வரலை. ஔவையாராக கே.பி.சுந்தராம்பாள் வந்து, கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன பிள்ளையைச் சமாதானம் பண்ணும்போது மட்டும் எல்லாருக்கும் ஆகமம் ஞாபகம் வருது!

இரண்டாவது காரணம்: "இளசுங்க பாக்காது."

பார்க்க வைத்தோமா? அதைச் சொல்லுங்க முதல்ல.

தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்க. பி.ஆர்.பந்துலு எடுத்த 'கர்ணன்' 1964-இல் வந்த படம். படச்சுருளைச் சுத்தம் செய்து, ஒலியைச் சீர்படுத்தி, 2012 மார்ச்சில் மறுபடியும் திரையரங்குக்குக் கொண்டுவந்தார்கள். "ஓடாது" என்றுதான் பலரும் சொன்னார்கள். சென்னையில் 100 நாளைத் தாண்டி ஓடியது. தாத்தாக்கள் மட்டும் போய் 100 நாள் ஓடுமா? கல்லூரிப் பிள்ளைகள் போனார்கள், குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அதே வருஷம் 'திருவிளையாடல்' படமும் புதுப்பிக்கப்பட்டுத் திரைக்கு வந்தது. படம் பழசு என்பதற்காக யாரும் ஓடிப் போகவில்லை. தேய்ந்த படமும் கரகரத்த சத்தமும்தான் ஆட்களை விரட்டுகிறது. "கறுப்பு வெள்ளைப் படம் பிள்ளைகளுக்குப் பிடிக்காது" என்று ஒரு அண்ணன் சொன்னார். அண்ணே, 'திருவிளையாடல்' கலர் படம். 'கர்ணன்' கலர் படம். நீங்க பார்த்து எவ்வளவு நாளாச்சு?

நம்ம பிள்ளைகளுக்கு நாகேஷைத் தெரியாது என்று நினைக்காதீங்க. நல்லாவே தெரியும். புலனத்தில் ஸ்டிக்கராகத் தெரியும். பரிசுப் பணத்துக்காகத் தவியாய்த் தவிக்கிற தருமியின் முகத்தை, தேர்வில் மார்க் குறைஞ்சா அனுப்புறாங்க, மாசக் கடைசியில் காசு இல்லேன்னா அனுப்புறாங்க. ஆனா அந்த முகம் எந்தப் படத்தில் வருது, அந்த மனுஷன் ஏன் புலம்புறான், அவன் கையில் இருந்த பாட்டு யாருடையது, எதுவும் தெரியாது. முகம் மட்டும் தப்பிப் பிழைச்சிருக்கு. கதை செத்துக்கிட்டு இருக்கு.

அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவது பாட்டு, இறையனார் பாடியது. பாணபத்திரருக்காக ஆலவாய் அண்ணல் சேரமானுக்கு எழுதியனுப்பிய திருமுகப் பாசுரம் பதினோராம் திருமுறையில் முதலில் இருக்கிறது. போன வருஷம் படம் முடிந்த பிறகு இதை ஐந்து நிமிஷம் சொன்னோம். "அக்கா, அப்போ அது சினிமாக்காரங்க எழுதின பாட்டு இல்லையா?" என்று இடைநிலைப்பள்ளிப் பிள்ளை ஒருத்தி ஆச்சரியமாகக் கேட்டாள். மூணு வருஷம் சமய வகுப்புக்கு வந்தும் அவளுக்குத் திறக்காத கதவை நாகேஷ் திறந்துவிட்டார்.

இங்கே பிள்ளைகளின் நிலைமை உங்களுக்கே தெரியும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை தமிழ். அதுக்கப்புறம் இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய். தமிழை ஒரு பாடமாக எடுத்தால் உண்டு, இல்லேன்னா இல்லை. வீட்டில் பாதி தமிழ், பாதி கலப்பு. நல்ல தமிழ் இரண்டரை மணி நேரம் தொடர்ந்து அவங்க காதில் விழுகிற இடம் எது சொல்லுங்க? அர்ச்சனை வடமொழியில். அறிவிப்பு அரைகுறைத் தமிழில். நக்கீரரும் சிவனும் மன்னன் சபையில் வாதாடுகிற அந்தக் காட்சிதான் பல பிள்ளைகள் வாழ்க்கையில் கேட்கிற முதல் செந்தமிழ் வாதம். அதை எடுத்துட்டு, அதிர்ஷ்டக் குலுக்கில் ரைஸ் குக்கர் கொடுக்கப் போறோமா?

மூன்றாவது காரணம்தான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது: "யூடியூப்லதான் இருக்கே, வேணுங்கிறவங்க வீட்டுல பாக்கட்டும்."

வீட்டிலதான் திருவாசகமும் இருக்கு. எத்தனை பேர் எடுத்துப் படிச்சோம்?

"இருக்கே" என்கிற அந்தச் சொல்லை நம்பித்தான் நாம் எல்லாவற்றையும் தொலைத்தோம். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம். இன்று ஒரு பிரதி கிடையாது. தமிழில் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்தது, டி.பி.ராஜலட்சுமி நடித்தது. அதுவும் போச்சு. அந்தக் காலத்து நைட்ரேட் படச்சுருள் பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். 2003-இல் புனேயில் அப்படிப்பட்ட சுருள்கள் வைத்திருந்த கிடங்கில் தீப்பிடித்து, பழைய இந்தியப் படங்கள் ஏராளமாக எரிந்தே போயின. 1964-இல் அங்கே தேசியத் திரைப்படக் காப்பகம் உருவான காலத்திலிருந்து பி.கே.நாயர் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து டப்பா டப்பாவாகச் சேர்க்காமல் இருந்திருந்தால், மிஞ்சியதும் மிஞ்சியிருக்காது.

நம்ம நாட்டுக் கதையும் அப்படித்தான். 1957-இல் வந்த மலாய்ப் படம் 'பொந்தியானாக்'. இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ் இயக்கியது. மக்கள் முண்டியடித்துப் பார்த்த படம். இன்றைக்கு அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. பேர் இருக்கு, பயம் இருக்கு, படம் இல்லை. கூட்டம் கூடியதற்கே இந்தக் கதி.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்க. தோட்டத்தில் இருந்தபோது வாங்கிய பாட்டுப் புத்தகம் எங்கே? எண்பதுகளில் வாடகைக்கு எடுத்தும் பதிவு செய்தும் வைத்திருந்த வீடியோ கேசட் எங்கே? லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு மாறும்போது பெரிய கறுப்புப் பையில் கட்டி வெளியே வைத்தோமே, அதிலே போனது. தோட்டம் துண்டு துண்டாகப் போச்சு. பால்மரம் போய் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. கோயில் மட்டும்தான் கூடவே வந்தது. அந்தக் கோயிலும் ஞாபகத்தைக் கைவிட்டா, வேறு யார் வச்சுக் காப்பாத்துவா?

நம்ம பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கோம். தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவாங்களாம். பாய், பலகை, கைப்பிள்ளை, சுக்குத்தண்ணியோட மொத்த லயமும் வந்து உட்காருமாம். முன்பக்கம் இடம் கிடைக்காதவங்க துணிக்குப் பின்னால் உட்காருவாங்களாம். அவங்களுக்கு எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும். அப்படியும் பார்த்தாங்க. படிக்கத் தெரியாத பால்மரத்துப் பெண்களுக்குக் கர்ணனும் நந்தனாரும் காரைக்காலம்மையாரும் தெரிஞ்சது அப்படித்தான். மறுநாள் நெற்றுப் பொறுக்கும்போதும் பால் தூக்கும்போதும் அதே பேச்சுத்தானாம். படத்தை எல்லாரும் சேர்ந்து பார்த்ததால்தான் அது ஊர்ப்பேச்சு ஆச்சு. கைப்பேசியில் தனியா பார்த்தா அது அடுத்த வீடியோ வரும்வரைதான்.

சரி, இப்போ எங்கள் பக்கத் தப்பையும் சொல்லிடறோம். சொல்லலைன்னா நாங்க யோக்கியர்கள் இல்லை.

நடுராத்திரி ஒன்றரை மணிக்குப் படத்தைப் போட்டா எந்தப் பிள்ளை பார்க்கும்? எங்கேயோ இறக்கிய திருட்டுப் பிரதி, மூலையில் டிவி முத்திரை, பாதியில் விளம்பரம், ஒலிபெருக்கியில் இரைச்சல். போட்டுவிட்டுப் பெரியவர்கள் வாசலில் அரட்டை. ரிஃபைனரியில் ஷிப்டு முடிச்சு வந்த அண்ணன்மார் கடைசி வரிசையில் குறட்டை. பிள்ளைகள் என்ன புரிஞ்சுக்குவாங்க? "இது பெருசுங்களுக்கே வேண்டாத படம்" என்றுதான் புரிஞ்சுக்குவாங்க. நாம மதிக்காததை அவங்க மதிக்கணும்னு எதிர்பார்க்கிறது என்ன நியாயம்?

இன்னொரு கேள்வியும் வரும். அதையும் மறைக்க மாட்டோம். அதே 'திருவிளையாடல்' படத்தில் தட்சனின் யாகத்துக்குப் போய்த் திரும்பி வந்த தாட்சாயணியைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிக்கிறார். "அம்மா வீட்டு விசேஷத்துக்குப் போனது ஒரு குத்தமா?" என்று போன வருஷம் ஒரு தங்கச்சி கேட்டாள். சில பெரியவர்களுக்குக் கோபம் வந்துருச்சு. எங்களுக்குச் சந்தோஷம் வந்தது. பழைய படத்தில் பழைய காலத்துப் புத்தியும் இருக்கத்தான் செய்யும். பெண்ணை அடக்கிப் பேசுறது இருக்கும், சாதி பார்க்கிறது இருக்கும். அதை வெட்டி எறிஞ்சிட்டுக் காட்டக் கூடாது. காட்டிட்டு உட்கார்ந்து பேசணும். கேள்வி கேட்கிற பிள்ளை கோயிலுக்கு மறுபடி வரும். வாய் மூடச் சொன்ன பிள்ளை வாசலோடு போயிடும்.

ஆகவே மெய்யன்பர்களே, நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

படத்தை நிறுத்தாதீங்க, ஒழுங்கா போடுங்க. முதல் காலப் பூசை முடிந்ததும் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் போடுவோம். உரிமை வைத்திருப்பவர்களிடம் முறையாக அனுமதி வாங்கி, நல்ல பிரதியைக் காட்டுவோம். சாமி பேரில் திருட்டுப் பிரதி வேண்டாம். அதுக்கு ஆகிற செலவுக்கு உண்டியலில் கை வைக்க மாட்டோம், எங்களுக்குள் வெள்ளி போட்டுக்கொள்கிறோம். தமிழ் எட்டாத பிள்ளைகளுக்காக மலாயில் கதைச் சுருக்கம் ஒரு தாளில் கொடுப்போம். நடுவில் ஒரு முறை நிறுத்தி, கதையைப் புராணத்தோடும் திருமுறையோடும் சேர்த்துப் பத்து நிமிஷம் பேசுவோம்.

சிவராத்திரியோடு விட மாட்டோம். நவராத்திரிக்கு 'சரஸ்வதி சபதம்', தைப்பூச மாதத்தில் 'கந்தன் கருணை', பத்துமலையைத் திரையில் காட்டிய 'வருவான் வடிவேலன்' என்று வருஷத்துக்கு நாலு படம் போதும். மலேசியாவில் எடுத்த நம்ம படத்தையும் ஒரு நாள் போடுவோம். 2005-இல் வந்த 'செம்மண் சாலை' தோட்டத்து வாழ்க்கையைக் காட்டியது. 2015-இல் வந்த 'ஜகாட்' தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளையின் கதை. இன்றைக்கு அவை புதுசு. நாம் காட்டாமல் விட்டால் நாளைக்கு அவையும் 'காளிதாஸ்' பக்கத்தில் போய்ச் சேரும்.

வீட்டில் பழைய பாட்டுப் புத்தகம், பட நோட்டீஸ், தோட்டத்தில் படம் காட்டிய நாளில் எடுத்த புகைப்படம் எது இருந்தாலும் எறியாதீங்க. மண்டபத்துக்குக் கொண்டுவாங்க. தம்பிகள் அங்கேயே படம் பிடிச்சிட்டு உங்க கையிலேயே திருப்பித் தருவாங்க. அதைவிட முக்கியம், தாத்தா பாட்டியைக் கூட்டிட்டு வாங்க. படம் தொடங்கும் முன், துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த கதையை அவங்க வாயாலேயே பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். படம் கூட எங்காவது கிடைச்சிடும். அந்தக் கதை அவங்களோட போயிட்டா எங்கேயும் கிடைக்காது.

இவ்வளவு எழுதினதுக்கு எங்க மேல வருத்தம் வரலாம். "நேத்து வந்த பசங்க நிர்வாகத்தைக் குறை சொல்றாங்க" என்று பேச்சும் வரலாம். வரட்டும். எதிரில் நிற்பது ஈசனே என்று தெரிந்த பிறகும் குற்றத்தைக் குற்றம் என்று சொன்ன நக்கீரரைக் காட்டி எங்களை வளர்த்தது நீங்கள்தான். அந்தப் படத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டியதும் இதே மண்டபத்தில்தான்.

அதே மண்டபத்தில் எங்கள் தம்பி தங்கச்சிகளுக்கும் போட்டுக் காட்ட விடுங்க.

தென்னாடுடைய சிவனுக்கு அடியோங்கள்,
ஆலயத் தொண்டர்கள், சுங்கை ஊடாங், மலாக்கா